சேபிள் இல்லாத சேபிள் பிரஷ்

ஸ்டேஷனரி கடையில் பத்து இருபது ரூபாய்க்கு ஒரு பெயின்ட் பிரஷ் கிடைக்கும். அதே நீளம், அதே மாதிரி மரக் கைப்பிடி, அதே சின்ன முடிக்கற்றை கொண்ட இன்னொரு பிரஷ்ஷின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மினியேச்சர் எனப்படும் சிற்றோவியம் வரைகிறவர்கள், கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள், இவர்களிடம் கேட்டால் யோசிக்காமல் ஒரே பதில் வரும்: "கோலின்ஸ்கி சேபிள் வாங்குங்கள்."

அது என்ன சேபிள்? ஒரு சிட்டிகை முடிக்கு ஏன் அத்தனை விலை? அந்த முடி யாருடையது? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இத்தாலி, அஜ்மீர், லண்டன், சைபீரியா என்று நீளும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் இந்தியாவின் சட்டப் புத்தகத்துக்கும் ஓர் இடம் உண்டு.

பெயரிலேயே குழப்பம்

முதலில் ஒரு ஆச்சரியம். சேபிள் பிரஷ்ஷில் சேபிள் முடி கிடையாது!

சேபிள் என்பது சைபீரியக் காடுகளில் வாழும் ஒரு சிறு விலங்கு. அதன் ரோமத்துக்காகத்தான் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ரஷ்யர்கள் சைபீரியா முழுவதும் பரவினார்கள் என்றே சொல்லலாம். வென்ற இடங்களில் வாழ்ந்த மக்களிடம் 'யசாக்' என்ற வரியைப் பணமாக அல்ல, ரோமத் தோலாக வசூலித்தார்கள். ஐரோப்பிய அரச குடும்பங்கள் உடுத்திய ரோமம் அது. அதனால் சேபிள் என்ற சொல்லுக்கே ஒரு பணக்கார வாசனை உண்டு.

ஆனால் ஓவியர்கள் வாங்கும் நல்ல சேபிள் பிரஷ்ஷில் இருப்பது சைபீரிய வீசல் என்ற வேறொரு விலங்கின் வால் முடி. பார்க்கக் கொஞ்சம் கீரி மாதிரி நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட, செம்மஞ்சள் நிறப் பிராணி. சைபீரியாவிலிருந்து சீனா, கொரியா வரையிலும், இமயமலைப் பகுதியிலும் வாழ்கிறது. இதன் ரோமத்துக்கு வியாபாரத்தில் உள்ள பெயர்தான் கோலின்ஸ்கி. ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள கோலா தீபகற்பத்தின் பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த விலங்கு கோலா தீபகற்பத்தில் வாழ்வதில்லை.

பிரஷ் வியாபாரத்தில் இது ஒன்றும் புதிதல்ல. 'கேமல் ஹேர்' என்று விற்கப்படும் பிரஷ்ஷில் ஒட்டக முடி இருக்காது. அணில், குதிரைக்குட்டி போன்றவற்றின் முடிதான் இருக்கும். பெயர் ஒன்று, சரக்கு வேறு என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம்.

வாலில் தொடங்கிய கதை

பென்சில் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அது முதலில் பிரஷ்ஷின் பெயர். லத்தீனில் 'பெனிசில்லஸ்' என்றால் குட்டி வால். வால் முடியால் செய்த பிரஷ்ஷுக்கு அந்தப் பெயர் வந்தது. பின்னால்தான் அது எழுதும் பென்சிலுக்கு இடம் மாறியது. பிரஷ் போலக் கிளைவிடும் பூஞ்சைக்கும் அதே வேரிலிருந்து பெயர் வைத்தார்கள். பெனிசிலின் மருந்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி ஓவியர்களுக்காக ஒரு கைநூல் எழுதினார். அதில் மென்மையான பிரஷ் செய்யும் முறையை விளக்குகிறார். அணில் இனத்தின் வால்தான் வேண்டும், வேறு எதுவும் சரிப்படாது என்கிறார். முடியை ஒழுங்குபடுத்திக் கட்டி, பறவை இறகின் குழல் போன்ற காம்புக்குள் செருக வேண்டும். பெரிய பிரஷ்ஷுக்குக் கழுகின் இறகு, அடுத்ததற்கு வாத்து, சின்னதற்குக் கோழி அல்லது புறா. உலோகக் குழாய் வராத காலத்தில் பறவையின் அளவுதான் பிரஷ்ஷின் அளவு. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலும் பிரஷ் அளவுகளைக் காகம், வாத்து, அன்னம் என்று பறவைப் பெயரால் சொல்லியிருக்கிறார்கள்.

அஜ்மீரில் ஒரு போட்டி

மினியேச்சர் என்ற சொல்லைக் கேட்டதும் 'மினி' என்பதிலிருந்து வந்தது என்று தோன்றும். உண்மையில் 'மினியம்' என்ற சிவப்பு ஈய வண்ணத்திலிருந்து வந்த சொல் அது. கையெழுத்துப் பிரதிகளை அந்தச் சிவப்பால் அலங்கரித்தார்கள். அந்தப் படங்கள் சிறியவையாக இருந்ததால் பின்னர் பொருளே 'சிறியது' என்று மாறிவிட்டது.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் இந்தக் கலையின் பெரிய பெயர் நிக்கோலஸ் ஹில்லியார்ட். 1619-இல் இறந்தார். விளையாட்டுச் சீட்டின் மேல் மெல்லிய கன்றுத்தோலை ஒட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் உருவப்படங்களை வரைந்தார். அவர் காலத்து பிரஷ்ஷும் அணில் முடிதான், இறகுக் காம்புதான். பொன், வெள்ளிப் பூச்சை மெருகேற்ற ஃபெரெட், ஸ்டோட் மாதிரி ஒரு சிறு காட்டு விலங்கின் பல்லைப் பயன்படுத்தச் சொல்லி எழுதியிருக்கிறார். இவை இரண்டும் சைபீரிய வீசலின் நெருங்கிய உறவினங்கள். ஆக, வாலைக் கொடுப்பதற்கு முன்பே அந்தக் குடும்பம் ஓவியனுக்குப் பல்லைக் கொடுத்துவிட்டது!

அதே காலத்தில் இந்தியாவில் அக்பர், ஜஹாங்கீர் அரசவைகளில் நூற்றுக்கணக்கான ஓவியர்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கும் அணில் வால்தான், இறகுக் காம்புதான். இரண்டு மரபுகளும் ஒருநாள் நேருக்கு நேர் சந்தித்தன. 1616-இல் ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோ அஜ்மீரில் ஜஹாங்கீரிடம் ஒரு சிறிய ஆங்கில ஓவியத்தைக் காட்டினார். இதைப் போல இங்கே யாராலும் வரைய முடியாது என்பது ரோவின் நம்பிக்கை. ஜஹாங்கீர் தன் ஓவியரிடம் கொடுத்து ஐந்து நகல்கள் எடுக்க வைத்தார். ஆறு படங்களையும் ஒன்றாக ஒட்டி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டியபோது, தன்னுடையது எது என்று கண்டுபிடிக்க ரோ திணறிப் போனார். அதை அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஜஹாங்கீருக்கு ஒரே சந்தோஷம்.

முகலாய ஓவியர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "ஒற்றை முடி பிரஷ்ஷால் வரைந்தார்கள்" என்று ஒரு கதை வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு முடியால் வண்ணத்தைத் தேக்கி வைக்க முடியாது. காகிதத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். உண்மை என்னவென்றால், பல முடிகள் சேர்ந்த கற்றையின் நுனி மட்டும் ஒற்றை முடியில் போய் முடியும். அடி தடிப்பாக இருந்து வண்ணத்தைத் தேக்கும், நுனி கோடு போடும். லாகூரிலுள்ள தேசியக் கலைக் கல்லூரியில் மினியேச்சர் படிக்கும் மாணவர்கள் அணில் முடியில் தங்கள் பிரஷ்ஷைத் தாங்களே செய்யக் கற்கிறார்கள். அந்தப் பயிற்சியில் வந்த ஷாஸியா சிக்கந்தர் இன்று உலகப் புகழ் பெற்ற ஓவியர்.

இந்த 'ஒற்றை முடி' விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பிரஷ்ஷைத் தேர்ந்தெடுக்கும் ரகசியமே அதில்தான் இருக்கிறது.

ராணிக்குப் பிடித்த ஏழாம் எண்

அணில் முடிக்கு ஒரு குறை. மிகவும் மென்மையானது, தண்ணீரை நன்றாகத் தேக்கும். ஆனால் அழுத்தினால் அப்படியே சாய்ந்துவிடும். வீசல் முடி அப்படியல்ல. அழுத்தி எடுத்தால் துள்ளி நிமிரும். இங்கிலாந்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வாட்டர்கலர் ஓவியம் பெரிய மோகமாக வளர்ந்தபோது, இந்தத் துள்ளலுக்கு மதிப்பு கூடியது. இறகுக் காம்பின் இடத்தை உலோகக் குழாய் பிடித்தது.

1832-இல் வில்லியம் வின்சர், ஹென்றி நியூட்டன் என்ற இரண்டு நண்பர்கள் லண்டன் ராத்போன் பிளேஸில் ஓவியப் பொருள் கடை தொடங்கினார்கள். விக்டோரியா மகாராணிக்கு வாட்டர்கலர் வரைவதில் ஆர்வம் அதிகம். 1846-இல் எட்வர்ட் லியரிடம் பாடம்கூடக் கற்றவர். 1866-இல் தனக்குப் பிடித்த 7ஆம் எண் அளவில், செய்ய முடிந்ததிலேயே மிகச் சிறந்த பிரஷ்ஷைச் செய்து தரும்படி அவர் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்துக்கு உத்தரவிட்டார் என்பது அந்த நிறுவனம் சொல்லும் வரலாறு. ராணிக்குச் செய்தது தந்தக் கைப்பிடி, வெள்ளிக் குழாய். 'சீரிஸ் 7' என்ற வரிசை அங்கே பிறந்தது.

கவனியுங்கள்: சீரிஸ் 7 என்பது அளவு அல்ல, ராணியின் நினைவாக நின்றுவிட்ட பெயர். அந்த வரிசையில் 000 முதல் 10 வரை அளவுகள் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் அளவு எண், நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டிய பிராண்டாக மாறியது மார்க்கெட்டிங் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய கதை.

நுனியை வெட்டவே கூடாது

விலைக்குக் காரணம் பெயர் மட்டும்தானா? இல்லை.

வீசலின் வால் முடி நடுவில் தடித்து, இரண்டு பக்கமும் மெலிந்து போகும். நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கினால் கற்றை தானாகவே கூம்பு வடிவம் எடுக்கும். குளிர்கால முடிதான் வேண்டும். ஆண் வீசலின் வால் முடிக்கு மதிப்பு அதிகம். கூண்டில் வளர்த்தால் முடி அந்தத் தரத்தில் வருவதில்லை என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்வது. ஆகவே காட்டில் பிடிபடும் விலங்குகளை நம்பித்தான் இந்த சப்ளை இருக்கிறது.

முடியைச் சுத்தம் செய்து, அடியிலுள்ள பஞ்சு ரோமத்தைச் சீவி எடுத்து, நீளவாரியாகப் பிரிப்பார்கள். நுனி தேய்ந்த முடிகளையும் தலைகீழாக இருக்கும் முடிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவார்கள். பிறகு ஒரு சிட்டிகை முடியை நுனி கீழே இருக்கும்படி ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தில் போட்டுத் தட்டுவார்கள். தட்டத் தட்ட நுனிகள் ஒன்றுகூடும். அதை நூலால் கட்டி, ஃபெரூல் எனப்படும் உலோகக் குழாய்க்குள் இழுத்து, பசை வைத்து, கைப்பிடியோடு பொருத்துவார்கள்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வடிவம் சரியாக வரவில்லை என்றால் கத்தரிக்கோலால் திருத்த முடியாது. நுனியை வெட்டினால் இயற்கையான கூர்மை போய்விடும், பிரஷ் செத்துவிடும். முழு வடிவமும் விரல்களின் பழக்கத்தில்தான் வர வேண்டும். இது பல ஆண்டுப் பயிற்சி கேட்கும் வேலை. மெஷினால் இன்றுவரை இதைச் சரியாகச் செய்ய முடியவில்லை. வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி இந்த உழைப்புக்குத்தான்.

ராணியிடமிருந்து சிப்பாய்களுக்கு

1839-இல் புகைப்படம் வந்தது. அன்பானவர்களின் முகத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள இனி ஓவியர் தேவையில்லை. உருவப்பட மினியேச்சர் தொழில் சில பத்தாண்டுகளில் படுத்துவிட்டது.

ஆனால் பிரஷ் பிழைத்துக்கொண்டது. 1893-இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றிடம் வைத்து வார்த்த மலிவான ஈயச் சிப்பாய்களைக் கொண்டுவந்தது. 1913-இல் ஹெச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடுவதற்கு விதிமுறைப் புத்தகமே எழுதினார். 1975-இல் இங்கிலாந்தில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தொடங்கியது. 1983-இல் அதன் வார்ஹாமர் விளையாட்டு வந்தது. இன்று மினியேச்சர் பெயின்டிங் என்று இணையத்தில் தேடினால் முகலாய ஓவியத்தைவிட இந்தப் பொம்மை வீரர்கள்தான் அதிகம் வருவார்கள். கடுகு அளவு கண்ணுக்குள் கருவிழி வைக்க அவர்கள் தேடுவதும் விக்டோரியா ராணி கேட்ட அதே பிரஷ்தான்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, சின்ன வேலைக்கு மிகச் சின்ன பிரஷ் வேண்டும் என்று 000 வாங்குவது. முகலாய ஓவியரின் 'ஒற்றை முடி' பாடம் இங்கே உதவுகிறது. கோட்டின் மெல்லிய தன்மை நுனியிலிருந்து வருகிறது, அளவிலிருந்து அல்ல. மிகச் சின்ன பிரஷ்ஷில் வண்ணம் தேங்க இடமில்லை. பொம்மையைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். நல்ல நுனியுள்ள 1 அல்லது 2ஆம் எண் பிரஷ் ஒன்றே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

கடையில் சோதிக்கவும் ஓர் எளிய வழி உண்டு. புது பிரஷ்ஷின் நுனி பசையால் ஒட்டி எப்போதும் கூர்மையாகத்தான் தெரியும். அதை நம்பக் கூடாது. கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி, பசை கரையும்வரை நனைத்து, மணிக்கட்டை ஒரு உதறு உதறுங்கள். முடிகள் தானாக ஒரே நுனியில் கூட வேண்டும். இரண்டாகப் பிளந்தால் வேண்டாம். விரல் நகத்தின் மேல் லேசாக அழுத்தி எடுத்தால் நிமிர வேண்டும். நடுவயிறு கொஞ்சம் உப்பலாக இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு, வண்ணம் உலோகக் குழாய்க்குள் ஏறாமல் பாதி முடிவரை மட்டும் நனைத்தால் ஆயுள் கூடும். அக்ரிலிக் உள்ளே காய்ந்துவிட்டால் எந்த ராணியின் பிரஷ்ஷும் விளக்குமாறுதான்.

டெல்லி போட்ட ஒரு கையெழுத்து

இப்போது கதை இந்தியாவுக்குத் திரும்புகிறது. இமயமலையிலும் சைபீரிய வீசல் உண்டு என்று பார்த்தோமே? 1989-இல் இந்தியா அந்த விலங்கை சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துவதற்கான ஒப்பந்தம் இது. "இந்த விலங்கை எங்கள் நாட்டில் பாதுகாக்கிறோம், மற்ற நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும்" என்று ஒரு நாடு கேட்பதுதான் மூன்றாம் பட்டியல். அதில் சேர்ந்துவிட்டால், வேறு நாட்டிலிருந்து வரும் முடிக்கும் அது எங்கே பிடிபட்டது என்ற சான்றிதழ் தேவை.

பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2013-இல் அமெரிக்க வனவிலங்குத் துறை காகிதங்களைக் கறாராகக் கேட்க ஆரம்பித்தது. கோலின்ஸ்கி பிரஷ்கள் துறைமுகங்களில் முடங்கின. வின்சர் அண்ட் நியூட்டன் உள்பட நிறுவனங்கள் அமெரிக்காவுக்கு அனுப்புவதை நிறுத்தின. கடைகளில் சீரிஸ் 7 கிடைக்கவில்லை. ஓவியர்கள் பழைய ஸ்டாக்கைத் தேடி அலைந்தார்கள். காகிதங்கள் சரியான பிறகே சப்ளை திரும்பியது.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சைபீரிய வீசல் இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு அல்ல. அதனால் இந்தக் கெடுபிடி தேவையா என்று சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் சான்றிதழ் கேட்கும்வரை அந்த முடி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கடையில் யாருமே கேட்டதில்லை என்பதும் உண்மை.

நம் ஊர் கீரி

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. இங்கே ஓவிய பிரஷ்ஷுக்கு வெகுகாலம் பயன்பட்டது கீரி முடி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2002-இல் கீரிக்கு அதில் பாதுகாப்பு உயர்த்தப்பட்டது. கீரியைக் கொல்வதும், அதன் முடியில் செய்த பிரஷ்ஷை விற்பதும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு.

ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. 2019 அக்டோபரில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரஷ்களும், 100 கிலோவுக்கும் அதிகமான கீரி முடியும் பிடிபட்டன. ஒரு கீரியிடமிருந்து கிடைப்பது சில பத்து கிராம் முடிதான். மீதிக் கணக்கை யாரும் போட்டுக்கொள்ளலாம்.

இந்த பிரஷ்களை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஓவியம் கற்கும் மாணவர்களாகவும் இருந்திருக்கலாம். கையில் இருப்பது எந்த விலங்கின் முடி என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. கைப்பிடியில் ஒரு எண் மட்டும் அச்சிட்டிருக்கும். வெவ்வேறு நிறங்களில் பட்டை பட்டையாக முடி இருந்தால் கீரியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். 'நேச்சுரல் ஹேர்' என்று மட்டும் போட்டு விலங்கின் பெயர் போடாத பிரஷ்ஷைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பது நல்லது.

பெயர் மட்டும் மிச்சம்

1938-இல் நைலான் முடி வைத்த பல் துலக்கும் பிரஷ் சந்தைக்கு வந்தது. செயற்கை இழை ஓவிய பிரஷ்ஷிலும் நுழைந்தது. ஆரம்பத்தில் வழவழப்பான அந்த இழைகளில் தண்ணீர் நிற்காது, மொத்தமாக வழிந்துவிடும். நுனியும் சீக்கிரம் கொக்கி போல வளைந்துவிடும். இப்போது நுனி மெலிந்த, மேற்பரப்பு சொரசொரப்பான இழைகள் வந்துவிட்டன. முழுமையாக வீசல் முடிக்கு ஈடு இல்லை என்றாலும், படிக்கிறவர்களுக்கும் அக்ரிலிக் வண்ணத்துக்கும் தாராளமாகப் போதும்.

வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனமே இப்படியொரு செயற்கை பிரஷ்ஷை விற்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்? 'சின்தெடிக் சேபிள்'!

முதலில் சேபிள் என்ற பெயரில் வந்தது வீசல். இப்போது அதே பெயரில் வருவது நைலான் வகை இழை. இந்த இரண்டாவது பெயரிலாவது 'சின்தெடிக்' என்ற உண்மை பாதி இருக்கிறது. மீதிப் பாதியை, அதாவது முடி எங்கிருந்து வந்தது என்பதை, வாங்குகிறவர் கேட்டால்தான் கடை சொல்லும்.